விறகுக் கணப்பின் புகை பக்கத்து வீட்டை எட்டாமல் எரிக்க முடியுமா?

முற்றத்துக்காரன் எழுதியது:

வணக்கம். நாங்கள் குடிவந்தபோதே இந்த வீட்டின் கூடத்தில் ஒரு விறகுக் கணப்பு இருந்தது. வார்ப்பிரும்பு உடல், முன்பக்கம் கண்ணாடிக் கதவு, காற்றைக் கூட்டிக் குறைக்கக் கீழே ஒரு நெம்புகோல். தயாரித்தவர் பெயரோ ஆண்டோ எங்கும் பொறிக்கப்படவில்லை. குளிர் தொடங்கியதிலிருந்து மாலையில் மூட்டுகிறேன். படுக்கப் போகும்போது பெரிய கட்டைகளை உள்ளே வைத்துக் காற்றை அடைத்துவிட்டால் விடியும் வரை கங்கு கிடக்கிறது.

நேற்று பக்கத்து வீட்டு அம்மா வந்தார். சண்டைக்கு வரவில்லை. அவருடைய கணவருக்கு மூச்சிரைப்பு இருக்கிறதாம். இரவு நேரத்தில் அவர்கள் படுக்கையறை முழுவதும் எங்கள் புகைதான் என்றார். "அடுப்பை எடுங்கள் என்று கேட்கவில்லை, ஏதாவது வழி இருக்கிறதா பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கண்ணாடி ஒரே மாலையில் கறுத்துப்போகிறது. கட்டையை வைத்ததும் முனையில் நீர் நுரைத்துச் சீறுகிறது. விற்றவர் நன்றாகக் காய்ந்த விறகு என்றுதான் கொடுத்தார். எங்கிருந்து தொடங்குவது?


கோடரிக்காம்பு எழுதியது:

கேட்ட கேள்விக்குள்ளேயே விடை இருக்கிறது ஐயா. சீறும் விறகு, கறுக்கும் கண்ணாடி, இரவில் அடைத்த காற்று. இந்த மூன்றும் சேர்ந்தால் பக்கத்து வீட்டுக்குப் புகை போகாமல் இருந்தால்தான் வியப்பு.

முதலில் விறகு. விற்பவர் வாயில் வரும் "காய்ந்தது" என்பதற்கு அளவு கிடையாது. இரண்டு முள் உள்ள ஈரமானி ஒன்று வாங்குங்கள். கட்டையின் வெளித்தோலிலோ அறுத்த முனையிலோ குத்திப் பார்ப்பதில் பயனில்லை. அந்த இடங்கள்தான் முதலில் காய்கின்றன. ஒரு கட்டையை நடுவாகப் பிளந்து, புதிதாக வெளிப்பட்ட முகத்தில் நாரோட்டத்தை ஒட்டி முள்ளை அழுத்துங்கள். 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எரிக்கலாம். 25-ஐத் தாண்டினால் அதை அடுக்கி மூடி, அடுத்த குளிர்காலத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். இங்கிலாந்தில் 2021 மே மாதத்திலிருந்து 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. அந்த எல்லையை யாரும் விளையாட்டாக வைக்கவில்லை.

ஈரம் ஏன் இவ்வளவு கெடுதல் என்பதில் பலர் பாதி உண்மையோடு நின்றுவிடுகிறார்கள். "தண்ணீரை ஆவியாக்கவே வெப்பம் செலவாகிவிடும்" என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். வெட்டிய புதிதில் மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். அப்படிப்பட்ட 10 கிலோ கட்டையில் 5 கிலோ தண்ணீர், 5 கிலோ மரம். ஒரு கிலோ தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்க 2.6 மெகாஜூல் போதும். ஒரு கிலோ முற்றிலும் உலர்ந்த மரம் 18 மெகாஜூலுக்கு மேல் தரும். ஆக 13 மெகாஜூல் செலவு, 90 மெகாஜூல் வரவு. ஏழில் ஒரு பங்குதான் போகிறது. அவ்வளவுதான் இழப்பு என்றால் யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

உண்மையான இழப்பு வேறு இடத்தில் நடக்கிறது. விறகு சூடேறும்போது அதன் உலர் எடையில் ஐந்தில் நான்கு பங்கு வாயுவாக வெளியேறிவிடும். கரியாக நிற்பது மிச்சம்தான். நாம் பார்க்கும் மஞ்சள் சுவாலை அந்த வாயு எரிவது. அது முழுமையாக எரிய 600 டிகிரி அளவுக்கு வெப்பம் வேண்டும், போதிய காற்று வேண்டும், இரண்டும் கலந்து எரிய நேரமும் வேண்டும். ஈர விறகின் நீராவி கணப்பின் எரியறையை அந்த வெப்பத்துக்கு ஏறவே விடாது. எரியாத வாயு அப்படியே மேலே போகிறது. அதுதான் புகை. பக்கத்து வீட்டு அம்மா மூச்சில் இழுப்பது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய எரிபொருளை.


சாளரம் எழுதியது:

கோடரிக்காம்பு சொன்ன வேதியியல் சரியாக இருக்கலாம். நான் புகைபோக்கியின் மறுபக்கத்தில் இருப்பவள் என்பதால் ஒன்று சொல்கிறேன். உங்கள் பக்கத்து வீட்டு அம்மா வந்து சொல்வதற்கு முன்னால் பல இரவுகள் தயங்கியிருப்பார். பண்பட்டவர்கள் எல்லோரும் அப்படித்தான். சொன்னால் உறவு கெடும், சொல்லாவிட்டால் மூச்சு கெடும். அவர் "வழி இருக்கிறதா பாருங்கள்" என்று கேட்டதை வேண்டுகோள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தாங்க முடியாத கட்டத்துக்கு வந்துவிட்டார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

விறகு காய ஓராண்டு ஆகும் என்றால் இந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் என்ன செய்வது?


பழங்கட்டை எழுதியது:

எனக்கு இந்தப் பேச்சே விளங்கவில்லை. மனிதன் குகையில் இருந்த காலத்திலிருந்து விறகு எரிக்கிறான். கொஞ்சம் புகை வாசம் வந்தால் சன்னலைச் சாத்திக்கொள்ளட்டும். காரை ஓட்டுகிறார்கள், பட்டாசு வெடிக்கிறார்கள், அதெல்லாம் பரவாயில்லை, ஒரு மனிதன் தன் வீட்டில் குளிர்காய்வது மட்டும் குற்றமா?


சாளரம் எழுதியது:

குகையில் இருந்தவனுக்குப் பக்கத்துச் சுவருக்கு அப்பால் படுக்கையறை இல்லை.

சன்னலைச் சாத்தாமலா இருக்கிறேன்? சாத்திய சன்னல், இழுத்த திரை, கதவிடுக்கில் துணி. அப்போதும் உள்ளே வருகிறது.


காற்றளவி எழுதியது:

சாத்திய சன்னல் ஏன் போதாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. விறகுப் புகையில் கேடு செய்யும் துகள்களில் பெரும்பான்மை 2.5 மைக்ரானுக்கும் சிறியவை. தலைமுடியின் தடிமன் 50 முதல் 70 மைக்ரான். மூடிய வீடும் இடுக்குகள் வழியாக மணிக்கு மணி காற்றை மாற்றிக்கொண்டுதான் இருக்கிறது. இந்த அளவுத் துகள் அந்தக் காற்றோடு தாராளமாக உள்ளே வரும். நுரையீரலின் அடி வரை இறங்குவதும் இந்த அளவுதான். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இத்துகளுக்கான பரிந்துரை அளவைக் குறைத்தது: ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5, ஒரு நாள் சராசரி 25-இலிருந்து 15.

பழங்கட்டை ஐயா, கார் விஷயத்தில் உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் காரின் புகை தெருவில் கலைகிறது. கணப்பின் புகை கூரை உயரத்தில், காற்று அசையாத இரவில், எல்லோரும் வீட்டுக்குள் இருக்கும் நேரத்தில் வெளியாகிறது. ஒரே கிராம் புகை, யார் மூக்குக்கு எவ்வளவு அருகில் விடப்படுகிறது என்பதைப் பொறுத்துத்தான் கேடு.

முற்றத்துக்காரர் கவனிக்க வேண்டிய இன்னொன்று. வானம் தெளிவாக, காற்று அசையாமல் இருக்கும் குளிர் இரவுகளில் தரை வேகமாகக் குளிரும். தரையை ஒட்டிய காற்று கனத்துக் கீழே தங்கிவிடும், அதன்மேல் சற்று வெதுவெதுப்பான அடுக்கு மூடி போட்டுவிடும். நீங்கள் விடும் புகை மேலே போக முடியாமல் பக்கவாட்டில் படரும். பள்ளத்தாக்கில் அமைந்த குடியிருப்புகளில் இது இன்னும் மோசம். கணப்பு வேண்டும் என்று மனம் மிகவும் கேட்கிற இரவும் இதே இரவுதான் என்பது துரதிருஷ்டம். அன்று மூட்டாமல் இருப்பது, வேறெந்தக் கருவி வாங்குவதைவிடவும் பயன் தரும்.


முற்றத்துக்காரன் எழுதியது:

ஈரமானி வாங்கிவிட்டேன். பிளந்து பார்த்த கட்டைகளில் 31, 34, ஒன்றில் 38. வெளித்தோலில் அதே கட்டை 19 காட்டியது! விற்றவரும் வெளியில் குத்திப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார் போலிருக்கிறது.

இந்தக் குளிருக்கு வேறு விறகு தேட வேண்டும். சூளையில் உலர்த்திய விறகு சிறு கட்டுகளாகக் கிடைக்கிறது, விலை அதிகம். அது உண்மையிலேயே வேறுபாடு தருமா? சாளரம் அம்மா கேட்ட கேள்வி உறைத்தது. நல்ல விறகு கிடைக்கும் வரை மூட்டப்போவதில்லை என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டேன்.


கோடரிக்காம்பு எழுதியது:

வேறுபாடு தரும். ஆனால் வாங்கிய கட்டையும் மழையில் கிடந்தால் ஈரம் ஏறிவிடும், அதையும் பிளந்து குத்திப் பாருங்கள். அழுத்திச் செய்த மரத்தூள் கட்டைகளும் நல்ல மாற்றுதான். பசையோ மெழுகோ சேர்க்காதவையாகப் பார்த்து வாங்குங்கள், ஒரே நேரத்தில் நிறைய அடைக்காதீர்கள், அவை வீங்கிப் பெருந்தீயாக எழும்.

இருக்கிற ஈர விறகை எறிய வேண்டாம். அடுக்கும் முறையில் பலர் சோம்பல்படுகிறார்கள், அதனால் சற்று விரித்துச் சொல்கிறேன். முழு உருளையாக விட்டால் பட்டை ஈரத்தை வெளியே விடாது. மணிக்கட்டுப் பருமனிலிருந்து முன்னங்கைப் பருமனுக்குள் பிளந்துவிடுங்கள். தரையில் நேராக வைக்காமல் கீழே இரண்டு சட்டம் போட்டுத் தூக்குங்கள். ஒற்றை வரிசை, வெயிலும் காற்றும் படும் திசை, சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி. மேலே மட்டும் தகடு. நான்கு பக்கமும் தார்ப்பாயால் போர்த்திக் கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. உள்ளே பூஞ்சைதான் வளரும். மென்மரம் ஒரு கோடையில் காயலாம். வைரம் பாய்ந்த கனமரத்துக்கு இரண்டு கோடை விடுங்கள். காய்ந்த கட்டைகள் இரண்டை ஒன்றோடொன்று தட்டினால் மொத்தென்று கேட்காது, கணீரென்று கேட்கும். ஆனால் காதை நம்பாமல் முள்ளையே நம்புங்கள்.

எரிக்கவே கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். வண்ணம் பூசிய மரம், ஒட்டுப்பலகை, துகள்பலகை, பளபளப்புக் காகிதம், நெகிழி. பழைய வேலிக் கம்பம், மேடைப் பலகை ஆகியவற்றில் பச்சை சாயல் தெரிந்தால் தொடாதீர்கள்; பூச்சி அரிக்காமல் இருக்க ஆர்சனிக் சேர்ந்த உப்புகளை ஏற்றியிருப்பார்கள், அது புகையிலும் வரும் சாம்பலிலும் தங்கும். கடற்கரையில் ஒதுங்கிய கட்டை அழகாக நீலமாக எரியும். அதில் ஊறிய உப்பின் குளோரின், டையாக்சின் என்ற நச்சாக வெளியேறும். கணப்பு என்பது குப்பைத் தொட்டி அல்ல.


கூரையேறி எழுதியது:

புகைபோக்கி பொருத்துவதும் துடைப்பதும்தான் என் தொழில். எல்லோரும் விறகையே பேசுகிறீர்கள், மேலே இருக்கும் குழாயை யாரும் கேட்கவில்லை.

முற்றத்துக்காரரே, இத்தனை ஈர விறகை எரித்து இரவெல்லாம் காற்றை அடைத்திருக்கிறீர்கள் என்றால் மறுபடியும் மூட்டுவதற்கு முன் துடைக்க ஆளைக் கூப்பிடுங்கள். புகை 120 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் அதிலுள்ள கீலும் அமிலமும் குழாய்ச் சுவரில் படியத் தொடங்கும். முதலில் கரித்தூள் போல, பிறகு செதில் செதிலாக, கடைசியில் கறுப்புக் கண்ணாடி ஊற்றியது போல. கிரியோசோட் என்பார்கள். அந்த மூன்றாம் நிலை தூரிகைக்கு மசியாது. பிறகு ஒரு நாள் நல்ல விறகைப் போட்டு நன்றாக எரிக்கும்போது அந்தப் படிவு தீப்பிடிக்கும். குழாய்க்குள் 1,000 டிகிரியைத் தாண்டும், ரயில் வருவது போல இரைச்சல் கேட்கும். அப்படிக் கேட்டால் கணப்பின் காற்றை முழுக்க அடைத்துவிட்டு எல்லோரையும் வெளியே அழைத்துக்கொண்டு தீயணைப்புத் துறையைக் கூப்பிட வேண்டும். தண்ணீரை ஊற்றக்கூடாது, குழாய் வெடித்துவிடும்.

உயரத்துக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: கூரையைத் துளைத்து வெளியேறும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி, சுற்றி 10 அடிக்குள் இருக்கும் எதைவிடவும் 2 அடி உயரம். அது இழுவைக்கும், அதாவது புகை தடையின்றி மேலே ஏறுவதற்கும், தீப் பாதுகாப்புக்கும் போட்ட கணக்கு. பக்கத்து வீட்டு மாடிச் சன்னல் உங்கள் குழாயின் வாய்க்கு நேராக இருந்தால் விதியை நிறைவேற்றிவிட்டேன் என்று வாதாட முடியாது. குழாயை நீட்டினால் புகை கொஞ்சம் கலைந்து போய்ச் சேரும். குறையாது. அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

வெளிச்சுவரை ஒட்டி ஏறும் ஒற்றைத்தகட்டுக் குழாய் எப்போதும் குளிர்ந்தே இருக்கும், இழுவை சோம்பலாக இருக்கும். உள்ளே காப்புப் பொருள் அடைத்த இரட்டைச் சுவர்க் குழாய்க்கு மாற்றினால் அதே கணப்பு வேறு கணப்பாகிவிடும். மேலே மூடியில் கம்பிவலை இருந்தால் அது கரி பிடித்து அடைத்திருக்கிறதா பாருங்கள். நான் ஏறிப் பார்க்கும் "புகைகிற கணப்பு"களில் கணிசமானவற்றுக்கு இந்த வலைதான் காரணம்.

கடைசியாக, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லாத வீட்டில் கணப்பு மூட்டாதீர்கள். அந்த நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை மணமும் இல்லை. இறுக்கமாக அடைத்த வீட்டில் சமையலறை விசிறியைப் போட்டால் அது புகைபோக்கி வழியாகவே காற்றை உள்ளே இழுக்கும்.


மெய்நெருப்பு எழுதியது:

மூட்டும் முறையை யாரும் சொல்லவில்லையே! பெரும்பாலோர் கீழே காகிதம், அதன்மேல் சுள்ளி, அதன்மேல் கட்டை என்று வைத்து அடியில் பற்றவைக்கிறார்கள். அடியில் எழும் தீ மேலே இருக்கும் குளிர்ந்த கட்டைகளையெல்லாம் ஒரே நேரத்தில் சூடாக்கும், அவை வாயுவைக் கக்கும், அந்த வாயுவை எரிக்க மேலே சுவாலை இருக்காது. புகை போவது அந்த முதல் அரைமணியில்தான்.

தலைகீழாக வையுங்கள். பெரிய கட்டைகள் அடியில், இடைவெளி விட்டு. அவற்றின்மேல் நடுத்தரம். உச்சியில் விரற்பருமன் சுள்ளிகளைக் குறுக்கும் நெடுக்குமாக. அதன் நடுவில் மரச்சிராய் மெழுகில் தோய்த்த பற்றவைப்பான் ஒன்று. உச்சியில் பற்றவைத்துவிட்டுக் காற்றை முழுதும் திறந்து வைத்து, கதவைச் சாத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். தீ மெல்லக் கீழே இறங்கும். கீழ்க்கட்டை விடும் வாயு மேலே இருக்கும் சுவாலையைக் கடந்துதான் போக வேண்டும், போகும் வழியில் எரிந்துவிடும். குழாயும் முதல் நிமிடங்களிலேயே சூடாகிவிடும். கிளறாதீர்கள். கிளறும் ஆசைதான் கடினம்.

பிறகு வெளியே போய்ப் புகைபோக்கியைப் பாருங்கள். பற்றவைத்த 20 நிமிடத்துக்குப் பின் கானல் போல அசையும் வெப்பம் மட்டும் தெரிய வேண்டும். வெண்மையாக ஏதாவது தெரிந்து அது வாயிலேயே மறைந்தால் நீராவி, நீளமாக இழுத்துக்கொண்டு போனால் புகை. நீலச் சாயல் தெரிந்தால் நிச்சயமாகப் புகை.


பழங்கட்டை எழுதியது:

தலைகீழாக மூட்டுவதை இன்று செய்து பார்த்தேன், வேடிக்கையாகத்தான். எரியாது என்று பந்தயம் கட்டியிருந்தேன். எரிந்தது. அதற்காக மற்றதையெல்லாம் ஒத்துக்கொண்டதாக எண்ண வேண்டாம்.

ஒரு கேள்வி. இரவில் காற்றை அடைக்கக்கூடாது என்றால் விடியற்காலையில் வீடு சில்லிட்டுவிடுமே, அதற்கு என்ன பதில்?


மெய்நெருப்பு எழுதியது:

பதில், சில்லிடும் என்பதுதான். கட்டையை அடைத்துக் காற்றை நிறுத்தினால் நீங்கள் செய்வது கரிமூட்டம் போடுவது. வாயு முழுவதும் எரியாமல் வெளியேறும், கரி மட்டும் உள்ளே தங்கும். விடியற்காலையில் கங்கு கிடைக்கிறது உண்மை, ஆனால் விறகின் பெரும்பகுதி ஊருக்குப் போய்விட்டது. மாலையில் சுறுசுறுப்பாக எரித்து, சுவாலை அடங்கிக் கங்கு மட்டும் நிற்கும்போது காற்றைக் குறையுங்கள். கங்கில் புகையாகும் வாயு இல்லை, அப்போது குறைப்பதால் புகை வராது. ஆனால் கங்கு கார்பன் மோனாக்சைடை விடும், அதனால் முழுக்க அடைக்க வேண்டாம். எச்சரிக்கைக் கருவியும் வேலை செய்துகொண்டிருக்க வேண்டும்.

வீட்டின் எடையில் தேங்கிய வெப்பம்தான் இரவைத் தாங்க வேண்டும். கல்லால், ஓட்டால் கட்டிய பருத்த கணப்புகள் வட ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக இருக்கின்றன. நாளுக்கு ஒரு முறை கடுந்தீயாக எரித்து விட்டுவிடுவார்கள், கல் இரவெல்லாம் வெப்பத்தை மெல்ல விடும். வார்ப்பிரும்பில் அது நடக்காது.


சாளரம் எழுதியது:

எல்லாம் சரியாகச் செய்தாலும் புகை சுழியாகிவிடாது என்பதையும் யாராவது சொல்லுங்கள். புதுக் கணப்பு வாங்கிவிட்டேன், சான்றிதழ் இருக்கிறது, இனி நீ பேசக்கூடாது என்று என் தெருக்காரர் ஒருவர் என்னிடம் சொன்னார்.


காற்றளவி எழுதியது:

அம்மா சொல்வது உண்மை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1988-இல் விறகுக் கணப்புகளுக்கு முதல் வரம்பு விதித்தது. 2015-இல் திருத்தி, 2020-இலிருந்து மணிக்கு 2 கிராம் துகள் (சாதாரண விறகில் சோதித்தால் 2.5 கிராம்) என்று இறுக்கியது. சான்று பெறாத பழையவை மணிக்கு 15 முதல் 30 கிராம் வரை விடும் என்று அதே முகமை சொல்கிறது. காகிதத்தில் இது பெரிய முன்னேற்றம். ஆனால் அந்தச் சோதனைகள் ஆய்வகத்தில் நடப்பவை. சான்றளிக்கும் முறையே நம்பத்தக்கதாக இல்லை என்று அந்த முகமையின் சொந்தத் தணிக்கை அலுவலகம் 2023-இல் அறிக்கை வெளியிட்டது. புதுக் கணப்பில் ஈர விறகைப் போட்டால் சான்றிதழால் என்ன பயன்? 

இரண்டு ஊர்களை வைத்துப் பார்க்கலாம். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் லிபி என்ற மலைப்பள்ளத்தாக்கு ஊரில் 2005 முதல் 2007 வரை ஏறத்தாழ 1,100 பழைய கணப்புகளை மாற்றினார்கள். குளிர்காலத் துகள் அளவில் 30 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான பங்கு குறைந்தது, குழந்தைகளின் மூச்சிரைப்புப் புகார்களும் குறைந்தன. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் லான்செஸ்டன் நகரம் 2001-இலிருந்து வேறு வழியில் போனது: பரப்புரையும் உதவித்தொகையும் தந்து மின்சார வெப்பத்துக்கு மாறச் சொன்னார்கள். விறகுக் கணப்பு உள்ள வீடுகள் 66 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாயின. குளிர்காலத் துகள் அளவு ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. இரண்டும் பயன் தந்தன. மாற்றுவதைவிட எடுப்பது கூடுதலாகத் தந்தது. வீடுகள் நெருங்கியிருக்கும் இடத்தில், வேறு வெப்ப வசதி கைவசம் இருப்பவர் விறகை வழக்கமாக எரிக்கக்கூடாது என்பதே என் கருத்து. மின்சாரம் அடிக்கடி நிற்கும் இடத்தில், விறகைத் தவிர வேறு வழியில்லாதவரிடம் இதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை.


கோடரிக்காம்பு எழுதியது:

நான் அந்த அளவுக்குப் போக மாட்டேன். பெரிய தோட்டம், தொலைவில் அடுத்த வீடு, தன் மரத்தின் கழித்த கிளை, நன்றாக உலர்ந்த விறகு. இவரையும் சுவரோடு சுவராக இருப்பவரையும் ஒரே தட்டில் நிறுத்துவது சரியல்ல.


காற்றளவி எழுதியது:

"வீடுகள் நெருங்கியிருக்கும் இடத்தில்" என்று எழுதியிருக்கிறேன், கவனியுங்கள்.


அடுக்களை எழுதியது:

சிறு குறுக்கீடு. குளிர்காய விறகு எரிப்பதைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். உலகில் 200 கோடிக்கும் மேற்பட்டோர் திறந்த அடுப்பிலோ புகை கக்கும் அடுப்பிலோதான் இன்னும் சமைக்கிறார்கள். வீட்டுக்குள் எழும் இந்தப் புகையால் 2020-இல் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. 1980-களில் அமெரிக்கப் பொறியாளர் லாரி வினியார்ஸ்கி உருவாக்கிய ராக்கெட் அடுப்பு, வாயு முழுவதும் எரிய வேண்டும் என்று இங்கே பேசிய இதே விதியைத்தான் பின்பற்றுகிறது: வெப்பம் கசியாத சிறு எரியறை, விறகின் நுனி மட்டும் எரியும்படி நீட்டுதல், மேலே சிறு கூண்டு போன்ற குழாயில் வாயு எரிந்து முடிதல். பெரிய கட்டைக்கு அதில் இடமே இல்லை. கணப்புக்காரர்களும் சிறிதாகப் பிளந்து அடிக்கடி போடும் பழக்கத்தை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.


நெறியாளர் எழுதியது:

பட்டாசு, வாகனப் புகை பற்றிய பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். யாருடைய தெரு, யாருடைய வீடு என்று அடையாளம் தெரியும் விவரங்களை எழுத வேண்டாம்.


முற்றத்துக்காரன் எழுதியது:

துடைக்க வந்தவர் குழாயிலிருந்து செதில் செதிலாக வாளி நிறைய எடுத்தார், கூரையேறி சொன்ன இரண்டாம் நிலை. மேல்வலை பாதி அடைத்திருந்தது. வாங்கிய உலர்விறகு 16 காட்டுகிறது. உச்சியில் பற்றவைத்தேன், கண்ணாடி இரவு முழுவதும் தெளிவாகவே இருந்தது. அந்த அம்மாவிடம் கேட்டேன், "நேற்று மூட்டினீர்களா?" என்று திருப்பிக் கேட்டார்.

இனி அவரோடு எப்படி ஏற்பாடு செய்துகொள்வது? தொல்லை இருந்தால் சொல்லுங்கள் என்று பொதுவாகச் சொல்லிவைத்தால் போதுமா?


சாளரம் எழுதியது:

போதாது. அப்படிச் சொன்னால் பொறுப்பு முழுவதும் அவர் தலையில் விழுகிறது. ஒவ்வொரு முறையும் அவர்தான் புகார் சொல்பவராக வேண்டும். மூன்றாவது முறை சொல்லக் கூச்சப்பட்டுப் பேசாமல் இருந்துவிடுவார், நீங்கள் சரியாகிவிட்டது என்று நினைப்பீர்கள்.

எந்த நாளில் மூட்டப்போகிறீர்கள் என்பதை நீங்கள் முன்கூட்டிச் சொல்லுங்கள். துணி உலர்த்துவது, சன்னல் திறப்பது, கணவரை எந்த அறையில் படுக்கவைப்பது என்று அவர் அதை வைத்து முடிவு செய்யலாம். காற்று உங்கள் பக்கமிருந்து அவர்கள் பக்கம் வீசும் நாளில் மூட்டாதீர்கள். ஒரு நாடாவைக் கம்பத்தில் கட்டிவைத்தாலே திசை தெரியும். அவர் கணவருக்கு உடல்நிலை மோசமான நாள் என்றால் ஒரு வரி அனுப்பினால் போதும், காரணம் கேட்காமல் அன்று அணைத்துவிடுவேன் என்று வாக்குக் கொடுங்கள். காரணம் கேட்காமல் என்பது முக்கியம்.

நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்றை அவர்கள் படுக்கையறைக்கு வாங்கித் தருவதாகச் சிலர் சொல்வார்கள். நல்ல எண்ணம்தான், உதவவும் உதவும். ஆனால் புகையைக் குறைப்பதற்கு முன் அதைக் கொடுத்தால் வாயடைக்கக் கொடுத்ததாகவே தோன்றும்.


காற்றளவி எழுதியது:

இரு வீட்டுக்கும் நடுவில் சிறு துகள் அளவி ஒன்றை மாட்டி, இருவரும் பார்க்கும்படி வைத்தால் "வருகிறது, வரவில்லை" என்ற தர்க்கம் குறையும். பனிமூட்ட நாளில் மலிவான அளவிகள் நீர்த்துளியையும் துகளாக எண்ணிக் கூடுதலாகக் காட்டும், அதை இருவரும் முன்னரே அறிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அளவியே புதுச் சண்டைக்குக் காரணமாகிவிடும்.


பழங்கட்டை எழுதியது:

அளவி, நாடா, முன்னறிவிப்பு! குளிர்காய்வதற்கு இத்தனை சடங்கா? சரி, ஈரமானி எந்த வகை வாங்குவது என்று மட்டும் சொல்லுங்கள். என் விறகு காய்ந்ததுதான், இருந்தாலும் பார்த்துவிடலாம்.


கோடரிக்காம்பு எழுதியது:

முள் உள்ளதில் எளியது போதும். முள் இல்லாமல் மேலே வைத்துப் பார்க்கும் வகை பலகைக்கு உகந்தது, கரடுமுரடான விறகுக்கு உகந்ததல்ல. குளிரில் வெளியே கிடந்த கட்டையை ஒரு நாள் வீட்டுக்குள் வைத்துவிட்டுப் பிளந்து பாருங்கள். உறைகிற குளிரில் அளவு குறைத்துக் காட்டும்.


முற்றத்துக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சாளரம் அம்மா சொன்னபடி முன்கூட்டிச் சொல்வதாக ஏற்பாடு ஆகிவிட்டது. காற்றில்லாத இரவுகளில் மின்சார வெப்பமூட்டிதான். சாம்பலை மட்டும் என்ன செய்வது என்று தெரியவில்லை. இப்போதைக்கு அள்ளி ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுத் திண்ணையில் வைத்திருக்கிறேன்.


கூரையேறி எழுதியது:

உடனே எழுந்து போய் அந்தப் பெட்டியை எடுங்கள். சாம்பலுக்குள் கங்கு இரண்டு மூன்று நாள்கூட உயிரோடு கிடக்கும், மேலே பார்த்தால் தெரியாது. மூடியுள்ள இரும்பு வாளியில் கொட்டி, வாளியை மரத்திண்ணையில் வைக்காமல் வெறுந்தரையில், சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். நன்றாக ஆறிய பிறகு வண்ணம் பூசாத விறகின் சாம்பல் என்றால் செடிக்குக் கொஞ்சமாகத் தூவலாம்.


முற்றத்துக்காரன் எழுதியது:

எடுத்துவிட்டேன். அடியில் சூடாகத்தான் இருந்தது.